ஃபிளை கட்ட நார் வேண்டுமா, சவுரிக் கடைக்குப் போங்கள்

தூண்டில் முள்ளில் நாரோ முடியோ இறகோ கட்டி, குட்டிமீன் மாதிரியோ பூச்சி மாதிரியோ ஆக்கிய பொய் இரைக்குத்தான் ஃபிளை என்று பெயர். அதைக் கட்டச் சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு நார்க்கற்றை, பத்து கிராம் தேறுமா என்பதே சந்தேகம், அதற்கு வெளிநாட்டுக் கடையில் ஐந்தாறு டாலர், கூரியர் அதைவிட அதிகம், சுங்க வரி தனி. முதல் தடவை நான் வரவழைத்த பொட்டலம் மூன்று வாரம் கழித்து வந்து சேர்ந்தது. ஆசையாகப் பிரித்துப் பார்த்தால் தங்கை பரதநாட்டியத்துக்குப் பின்னலில் வைத்துக் கட்டும் சவுரி மாதிரியே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தடவினேன், முறுக்கினேன், தண்ணீரில் முக்கினேன். நிறத்தைத் தவிர என் விரலுக்கு வேறு வித்தியாசம் தெரியவில்லை. அன்றிலிருந்து நார் வாங்க நான் தூண்டில் கடைக்குப் போவதை அநேகமாக நிறுத்திவிட்டேன்.

ஃபிளை கட்டிப் பழக நினைத்து, சாமான் விலையைப் பார்த்ததும் பின்வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் அதிகம் மீன் பிடிப்பது முட்டுக்காடு, பழவேற்காடு மாதிரி உவர்நீர் இடங்களில், ஃபிளை கோலில், கொடுவா மீனையும் பாறை மீனையும் குறிவைத்து. அதனால் இங்கே உப்புத்தண்ணி ஃபிளைதான் முக்கால்வாசி. நீலகிரியில் டிரவுட் மீன் பிடிக்கிற ஆட்களுக்கும் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நாரின் பெயரைக் கேட்டுக்கொண்டு கடைகடையாய் அலைந்தால் கிடைக்காது. பாரிமுனையில் போய், வெளிநாட்டு ஃபிளை நார் ஒன்றின் பெயரைச் சொல்லி ‘ஈபி ஃபைபர் இருக்கா’ என்றால் கடைக்காரர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். அந்த நார் தண்ணீரில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு, அதே வேலையைச் செய்யும் நாரைத் தேடினால் அது வளையல் கடையிலும் இருக்கும், பிறந்தநாள் அலங்காரக் கடையிலும் இருக்கும்.

ஏன் செயற்கை நார்

பழைய ஃபிளைகள் எல்லாம் மிருக முடியும் பறவை இறகும்தான். அமெரிக்காவில் வெள்ளைவால் மானின் வால்முடி இல்லாமல் கடல் ஃபிளை கிடையாது என்கிற காலம் இருந்தது. இங்கே இருந்துகொண்டு மான்வாலை வரவழைப்பது வீண் வம்பு, சுங்கத்தில் யாருக்கும் விளக்கம் சொல்லி மாளாது. உள்ளூரில் கிடைப்பதையாவது எடுத்துக்கொள்ளலாமா என்றால் அங்கேயும் கவனம் தேவை. நம் மலைக்காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகு, நகப்பூச்சு வைத்த மாதிரி மினுங்குமே, அது பழங்கால சால்மன் ஃபிளைகளில் கண் வைப்பதற்காக இந்தியாவிலிருந்து கப்பல் ஏறிய சரக்கு. இன்று அந்தப் பறவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. யாராவது கழுத்துத்தோல் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓவியத் தூரிகையிலும் இதே கதை உண்டு. கீரி முடியில் செய்த தூரிகையை வெட்டி எடுத்தால் அருமையான ஃபிளை வரும் என்று எனக்கு ஒருவர் யோசனை சொன்னார். கீரியும் அதே சட்டத்தில் வருகிற பிராணி, அதன் முடியை வாங்குவதே குற்றம். தூரிகைதான் வேண்டும் என்றால் நைலான் முடி போட்டதை வாங்குங்கள், நுனி கூர்மையாகச் சரிவாகவே செய்திருப்பார்கள், சின்ன ஃபிளைக்கு வால் வைக்க நல்லது.

ஆக, செயற்கை நார் மலிவு என்பது ஒரு பக்கம். அழுகாது, பூச்சி அரிக்காது, நம் ஊர் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடிக்காது. கோழி இறகை நாப்தலின் உருண்டையோடு டப்பாவில் அடைத்து வைத்தும் ஒரு மழைக்காலத்தில் பாதியைக் குப்பையில் கொட்டியவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

நார் செய்யும் வேலைகள்

ஒரு மீன்குஞ்சு மாதிரி ஃபிளை கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் உடம்பு வேண்டும், ஆட்டம் வேண்டும், மினுக்கு வேண்டும். ஒரே நார் மூன்றையும் செய்யாது.

உடம்புக்கு வேண்டிய நார் கொஞ்சம் விறைப்பாக, லேசாக நெளிநெளியாக இருக்க வேண்டும். அந்த நெளிவுதான் ஒரு இழையை இன்னொன்றோடு ஒட்டவிடாமல் தள்ளி வைக்கிறது, அதனால் நாலே நாலு இழை போட்டாலும் ஃபிளை பருத்துத் தெரியும், தண்ணீரை விட்டு வெளியே எடுத்தவுடன் தண்ணீரை உதறிவிட்டு லேசாகிவிடும். இது வீசுகிறவனுக்குப் பெரிய உபகாரம், ஏனென்றால் ஃபிளை வீச்சில் எடை ஃபிளையில் இல்லை, கயிற்றில் இருக்கிறது. நனைந்த பஞ்சு மாதிரி ஒரு ஃபிளையைக் கட்டிக்கொண்டு கடல்காற்றில் வீசிப் பாருங்கள், புரியும்.

ஆட்டத்துக்கு நேரெதிர். மெல்லியதாக, அடியில் தடித்து நுனியில் ஊசியாக முடியும் நார். நிறுத்தினாலும் அசைய வேண்டும். மினுக்கு என்றால் பளபளக்கும் மெல்லிய படலம், அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, நாலைந்து இழைக்கு மேல் போடுகிறவர்கள் மீனுக்காகப் போடுவதில்லை, போட்டோவுக்காகப் போடுகிறார்கள்.

கடைவீதிக்குப் போவோம்

முதலில் ஃபேன்சி கடை. சவுரி, குஞ்சலம், கலர் முடி எல்லாம் ஒரே அலமாரியில் தொங்கும். சென்னையில் இருந்தால் காசிச் செட்டித் தெருப் பக்கம் ஒரு மதியம் சுற்றினாலே போதும், வெளியூர் என்றால் பெரிய கோயில் வாசல் வளையல் கடைகள். இதில் இரண்டு வகை பாருங்கள். ஒன்று, பின்னலில் சேர்த்துக் கட்டும் கலர் முடி, ஜம்போ பிரெய்ட் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். ஆப்பிரிக்கப் பெண்கள் சடைசடையாகப் பின்னிக்கொள்கிறார்களே, அதற்காகச் செய்த சரக்கு. இதில் நல்ல ரகத்தின் பெயர் கனேகலான், ஜப்பானில் கனேகா கம்பெனி 1957-இலிருந்து செய்துவருகிற மோடாக்ரிலிக் என்ற செயற்கை நார். முரட்டு நெளிவு, நீளம் இரண்டடிக்கு மேல், வெள்ளை, ஊதா, இளம்பச்சை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் கலர் என்று எல்லாமே உண்டு. உடம்பு வேலைக்கு இதைவிட மலிவாக நான் எதையும் பார்க்கவில்லை. ஒரு கட்டு வாங்கி இரண்டு வருடமாக வெட்டிக்கொண்டிருக்கிறேன், இன்னும் பாதி இருக்கிறது. இரண்டாவது, விக்கில் வைக்கும் வழவழப்பான முடி. பார்க்கப் பட்டுப்போல இருக்கும், நனைந்தால் எல்லா இழையும் ஒட்டி ஒரே குச்சியாகிவிடும். மெலிந்த மீன் மாதிரி, முரல் குஞ்சு மாதிரி கட்டினால் மட்டும் பயன்படும்.

அடுத்தது பொம்மைத் துணி. கரடி பொம்மை செய்கிற ஃபர் துணி, மீட்டர் கணக்கில் விற்கும் கடையில் கால் மீட்டர் கேட்டால் முறைத்துக்கொண்டே வெட்டித் தருவார்கள். முடி நீளமான ரகமாகப் பாருங்கள், இரண்டு அங்குலத்துக்குக் குறைந்தால் பிரயோஜனமில்லை. நுனியைத் தேய்த்துப் பாருங்கள், கத்தரித்த மாதிரி மொட்டையாக இருந்தால் வேண்டாம், மெலிந்து முடிந்தால் அதுதான் ஆட்டத்துக்கான நார், வெளிநாட்டில் கிராஃப்ட் ஃபர் என்று உள்ளங்கை அகலத் துண்டாக விற்கிறார்களே, அந்த இனம். கடைசியில் எனக்குக் கிடைத்த நல்ல துண்டு கடையில் வாங்கியதுகூட இல்லை, அக்கா மகனின் பழைய பொம்மை நாய். அவனிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.

மினுக்குக்குப் பிறந்தநாள் அலங்காரக் கடை. சுவரில் தொங்கவிடும் பளபளா திரை இருக்கிறதல்லவா, கதவு அகலத்துக்கு நூற்றுக்கணக்கான பட்டைகள் தொங்குமே, அதில் ஒன்று வாங்கினால் உங்கள் ஆயுளுக்கும் போதும். பட்டை கொஞ்சம் அகலம், அதனால் ஒரு நுனியை டேப் போட்டு மேசையில் ஒட்டி, ஊசிமுனையால் நீளவாக்கில் கிழித்து மூன்று நான்காக்கிக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் ஜிகினாவும் ஆகும், ஆனால் இழை குட்டையாக இருக்கும். ஜரிகை நூலைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இப்போது விற்கும் போலி ஜரிகை பெரும்பாலும் உலோகப் பூச்சு பூசிய பாலியெஸ்டர் பட்டையை ஒரு நூலில் சுற்றியதுதான், ஃபிளை உடம்பில் வரிவரியாகச் சுற்ற மிக அழகு. அம்மாவின் பழைய பட்டுப்புடவை ஜரிகையை மட்டும் உருவாதீர்கள், அதில் உண்மையான வெள்ளி இருந்தால் உப்புத்தண்ணியில் கறுத்துப்போகும், வீட்டில் நடப்பது அதைவிட மோசமாக இருக்கும்.

தையல் சாமான் கடையில் இரண்டு வேலை. கட்டுவதற்கு நூல், உடம்புக்குக் கம்பளி நூல். நூல் வாங்கும்போது பாலியெஸ்டர் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எம்பிராய்டரி நூலில் ரேயான் ரகம் பளபளவென்று ஆளை இழுக்கும், ஆனால் ரேயான் நனைந்தால் பலம் குறைந்துபோகும், தண்ணீரிலேயே வாழப்போகிற ஒரு பொருளுக்கு அது ஆகாது. கம்பளி என்று சொல்லித் தரும் நூல் இங்கே அநேகமாக அக்ரிலிக்தான். பிரித்துத் துண்டாக வெட்டிக் கலைத்தால் உடம்பில் முறுக்கிச் சுற்றும் பஞ்சு கிடைத்துவிடும். கலைப்பதற்கு மிக்ஸி ஜாரில் போட்டு ஓட்ட ஆசை வரும். நான் ஓட்டினேன். கத்தியின் அடியில் அச்சில் நூல் சுற்றிக்கொண்டு மோட்டார் நாற்றமெடுத்தது, அந்த ஜாரில் அப்புறம் சட்னி அரைக்க விடவில்லை. இரண்டு பேன்சீப்பை எதிரெதிராக வைத்து இழுத்தால் அதே வேலை நடக்கிறது, அதுவும் ஓசையில்லாமல்.

ஹார்டுவேர் கடையை மறந்துவிடாதீர்கள். கைகழுவும் தொட்டியின் அடைப்பானில் மாட்டியிருக்கும் குண்டுச் சங்கிலி, அரை மீட்டர் வாங்குங்கள். இரண்டு இரண்டு குண்டாக வெட்டினால் ஃபிளைக்குக் கண். ஒரு காந்தம் கொண்டுபோங்கள், காந்தத்தில் ஒட்டினால் அது இரும்பு, கடல்தண்ணியில் ஒரே வாரத்தில் துரு வழியும். ஒட்டாததை எடுங்கள்.

வாங்குவதற்கு முன்னும் பின்னும் சோதனை

சீட்டில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். நைலான் கயிறு என்று தருவது நைலானாக இருப்பதில்லை, பட்டு நூல் என்று தருவது பட்டாக இருப்பதே இல்லை.

முதல் சோதனை தண்ணீர். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரின் மேல்தோலே நாரைத் தாங்கிக்கொண்டு ஏமாற்றும். நாரை விரலால் உள்ளே அமுக்கி, காற்றுக்குமிழை எல்லாம் நசுக்கி வெளியேற்றிவிட்டு விடுங்கள். மேலே வந்தால் பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன், அவற்றின் அடர்த்தி 0.91, 0.95 அளவில் இருக்கிறது, தண்ணீர் 1, கடல்நீர் 1.025. நைலான் 1.14, அக்ரிலிக் 1.17, பாலியெஸ்டர் 1.38, இவை மூன்றும் அடிக்குப் போகும், பாலியெஸ்டர் கொஞ்சம் அவசரமாகவே போகும். இதை ஏன் இவ்வளவு எண் போட்டுச் சொல்கிறேன் என்றால், மேலே மிதக்க வேண்டிய ஃபிளையில் பாலியெஸ்டரைக் கட்டிவிட்டு ‘என் ஃபிளை ஏன் மூழ்குது’ என்று கேட்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது நெருப்பு. வீட்டுக்கு வெளியே, சாமணத்தில் நாலைந்து இழையைப் பிடித்து, கீழே ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்யுங்கள், உருகிச் சொட்டுவது விரலில் பட்டால் தோலோடு வரும். புகையை மூக்கருகே கொண்டுபோகாதீர்கள், அக்ரிலிக் புகையில் நஞ்சு இருக்கிறது. மெழுகுவத்தி வாசனையோடு உருகினால் பாலிப்ரொப்பிலீன். கரும்புகையோடு எரிந்து கெட்டியான உருண்டையாக நின்றால் பாலியெஸ்டர். படபடவென்று எரிந்து நொறுங்கும் கரியானால் அக்ரிலிக். நெருப்பை விலக்கியதும் தானே அணைந்தால் மோடாக்ரிலிக், அதாவது உங்கள் கலர் முடி அசல் ரகம். மலிவு ரகத்தில் பாலியெஸ்டர் கலந்திருக்கும், அதனால் ஒன்றும் குடிமுழுகாது, கொஞ்சம் வழவழப்பு கூடும், அவ்வளவுதான்.

மூன்றாவது விரல். பத்து இழையை நனைத்து இரு விரலால் வழித்துவிட்டு, நுனியைத் தூக்கிப் பிடியுங்கள். பிரிந்து விசிறியாக நிற்கிறதா, தலையைத் தொங்கப்போடுகிறதா? நிற்பது உடம்புக்கு, தொங்குவது ஆட்டத்துக்கு. கடையிலேயே செய்யலாம், தண்ணீர் பாட்டில் கையில் இருந்தால் போதும். கடைக்காரர் என்ன நினைப்பார் என்று வெட்கப்படாதீர்கள், நாலாவது தடவை போகும்போது அவரே தண்ணீர் எடுத்து வைப்பார்.

கட்டுவதற்கு முன்

கலர் முடியைச் சோப்புத்தண்ணியில் ஒரு தடவை அலசிக் காயவிடுங்கள். மேலே ஒரு பூச்சு இருக்கும், அதைப் போக்காவிட்டால் நூலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு உருவி வரும். சாயம் ஒழுகுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும், சிவப்பும் கறுப்பும்தான் வழக்கமான குற்றவாளிகள். நெளிவு அதிகமாக இருந்தால் வெந்நீரில் முக்கி இழுத்துப் பிடித்து ஆறவிட்டால் கொஞ்சம் தணியும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், முதல் தடவை செய்தபோது ஒரு கற்றை முழுக்கச் சுருண்டு பாத்திரம் தேய்க்கும் நார் ஆகிவிட்டது.

அடுத்தது கலப்பது. ஒரே கலரில் கட்டிய ஃபிளை தண்ணீரில் பிளாஸ்டிக் பொம்மை மாதிரித்தான் இருக்கும். வெள்ளையோடு கொஞ்சம் வெளிர்ச்சாம்பல், அதோடு ஒரு துளி இளஞ்சிவப்பு, மூன்றையும் சேர்த்துப் பிடித்து இழுத்து, மறுபடி அடுக்கி, மறுபடி இழுத்து, இப்படி ஏழெட்டுத் தடவை செய்தால் கலந்துவிடும். இதிலேயே இன்னொரு நன்மை, இழைகளின் நுனி முன்னும் பின்னுமாக ஆகிவிடுவதால் கற்றை தானாகவே வாலை நோக்கி மெலியும். கத்தரிக்கோலால் ஒரே வெட்டாக வெட்டிய நுனி துடைப்பம் மாதிரி நிற்கும், அதை மட்டும் செய்யாதீர்கள்.

சாயம் போட நினைக்கிறவர்களுக்கு: நைலான் மட்டும்தான் வீட்டில் வழிக்கு வரும், வினிகர் விட்ட வெந்நீரில் கேசரிப் பவுடர் போட்டால்கூடப் பிடித்துக்கொள்ளும். பாலியெஸ்டரும் கலர் முடியும் அடுப்படிச் சாயத்தை ஏற்காது, பாலிப்ரொப்பிலீன் எதையுமே ஏற்காது. அவற்றுக்குக் கறுப்பு, பழுப்பு பெர்மனென்ட் மார்க்கர் வாங்கி முதுகில் கோடு போட்டுக்கொள்ளலாம். சில நாளில் மங்கும், மறுபடி போட வேண்டியதுதான்.

ஒரே ஒரு ஃபிளை, ஒழுங்காக

புதிதாகக் கட்டுகிறவர்கள் பத்து மாதிரிகளைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கிளவ்சர் மின்னோ ஒன்றைக் கற்றுக்கொண்டால் உவர்நீரில் ஒரு வருடம் ஓட்டலாம். பென்சில்வேனியாவில் சஸ்குவஹன்னா ஆற்றுக் கரையில் தூண்டில் கடை வைத்திருந்த பாப் கிளவ்சர் 1987-இல் கட்டியது, அங்குள்ள ஸ்மால்மவுத் பாஸ் மீனுக்காக. பெயர் வைத்தவர் லெஃப்டி கிரே, அமெரிக்க ஃபிளை உலகின் பெரிய வாத்தியார், இந்த ஒரு ஃபிளையில் 80-க்கும் மேற்பட்ட வகை மீன்களைப் பிடித்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அசலில் மான்வால்முடி. நாம் கலர் முடியில் கட்டுவோம்.

முள்ளைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் இல்லையென்றால் சின்ன வைஸ்-கிரிப்பை, அதாவது பிடித்ததும் பூட்டிக்கொள்ளும் குறட்டை, மேசை ஓரத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கினால் ஆரம்பத்துக்குப் போதும். 1 அல்லது 1/0 எண் முள்ளை, கடல்தண்ணியைத் தாங்குகிற ரகமாக, மாட்டுங்கள். முள்ளில் நரம்பு கட்டும் கண்வளையத்திலிருந்து தண்டின் மூன்றில் ஒரு பங்கு தூரம் வரை நூலைச் சுற்றி ஒரு திண்ணை போடுங்கள். குண்டுச் சங்கிலிக் கண்ணைத் தண்டின் மேல்பக்கம் வைத்து, குறுக்கு மறுக்காகப் பத்துப் பன்னிரண்டு சுற்று, அடியில் சுற்றிச் சுற்றி இறுக்கி, ஒரு சொட்டு ஃபெவிக்விக். இந்தக் கண்ணின் எடைதான் முள்ளைத் தலைகீழாகத் திருப்பி, கூர்முனை மேலே பார்க்க நீந்த வைக்கிறது, அதனால் அடியில் கிடக்கும் பாசியிலும் கிளிஞ்சலிலும் மாட்டுவது குறையும்.

அப்புறம் வெள்ளைக் கற்றை. தீக்குச்சிப் பருமன், அதற்கு மேல் ஒரு இழை வேண்டாம். கண்ணுக்கு முன்னால் கட்டி, இரு கண்ணுக்கும் நடுவே ஓடவிட்டு, கண்ணுக்குப் பின்னால் இன்னொரு கட்டு. நீளம் தண்டைப்போல் மூன்று மடங்கு வரை. இப்போது முள்ளைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். நாலு இழை மினுக்கு, அதன் மேல் பச்சையோ பழுப்போ இன்னொரு தீக்குச்சிப் பருமன் கற்றை, இது கண்ணுக்கு முன்னால் மட்டும். நூலால் தலையைக் கூம்பாகச் சுற்றி முடிச்சுப் போட்டு, நகப்பூச்சு இரண்டு தடவை. முடிந்தது.

செயற்கை நாரில் ஒரு கூடுதல் வேலை உண்டு. மான்முடி நூலுக்கு அடியில் நசுங்கிப் பிடித்துக்கொள்ளும், செயற்கை நார் நசுங்காது, வழுக்கும். ஒரு பாறை கடித்து உலுக்கினால் பாதி நார் அதன் வாயோடு போய்விடும். அதற்கு வழி, இரு மடங்கு நீளமாக வெட்டி நடுவில் கட்டி, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாதியையும் பின்னால் மடித்து மறுபடி கட்டுவது. நாரின் வளைவு நூலில் கொக்கி போட்டதுபோல் மாட்டிக்கொள்ளும், எவ்வளவு இழுத்தாலும் வராது. இப்படிக் கட்டினால் பருமன் இரட்டிப்பாகும் என்பதால் ஆரம்பத்தில் பாதி நார்தான் எடுக்க வேண்டும்.

கட்டியதும் குளியலறை வாளியில் விட்டு இழுத்துப் பாருங்கள். எல்லாரும் முதலில் செய்யும் தப்பு நார் அதிகமாகப் போடுவது, நானும் செய்தேன், என் முதல் இருபது ஃபிளைகளும் ஷேவிங் பிரஷ்தான். காய்ந்திருக்கும்போது ‘ரொம்ப ஒல்லியா இருக்கே’ என்று தோன்றினால் நனைந்தபின் சரியாக இருக்கும்.

வரும் கோளாறுகள்

நார் வளைந்துபோய் முள்ளின் கொக்கியில் சுற்றிக்கொள்வதுதான் பெரிய தொல்லை. பொம்மைத்துணி நாரில் அதிகம் நடக்கும். வீசும்போது தெரியாது, பத்து வீச்சுக்கு ஒன்றும் கடிக்கவில்லையே என்று இழுத்துப் பார்த்தால் ஃபிளை முண்டமாகக் கிடக்கும். மென்மையான நாருக்கு அடியில் விறைப்பான கலர் முடி ஏழெட்டு இழையை முட்டுக்கொடுப்பதுபோல் கொக்கி தாண்டும் வரை வைத்துக் கட்டுங்கள், அல்லது நார் புறப்படும் இடத்தில் கொஞ்சம் தங்கூசியை, அதாவது நைலான் தூண்டில் நரம்பை, வளையமாகக் கட்டித் தாங்கவிடுங்கள். இரண்டும் செய்தும் சுற்றினால் நார் நீளம் அதிகம், வெட்டுங்கள்.

ஃபெவிக்விக் நாரின் வழியே ஊறி ஓடும் குணம் உள்ளது. ஒரு சொட்டு அதிகமானால் பாதி வால் கம்பியாகிவிடும். ஊசி நுனியில் தொட்டு வையுங்கள். இன்னொன்று, டப்பாவைக் காரின் முன்கண்ணாடி ஓரம் விட்டுவிட்டுப் போகாதீர்கள், மே மாத வெயிலில் நெளிவுகள் எல்லாம் டப்பா எப்படி அமுக்கியதோ அப்படியே நிலைத்துப்போகும்.

மிதக்கும் ஃபிளைக்கும் டிரவுட்டுக்கும்

விரால் குளத்தில் மேலே தவளை மாதிரி இழுக்க, நீலகிரி ஓடைகளில் டிரவுட்டுக்குச் சின்ன மிதவை ஃபிளை கட்ட, தண்ணீர் சோதனையில் மேலே வந்த நார்தான் வேண்டும். பார்சல் கட்டும் வெள்ளை பிளாஸ்டிக் சுத்லியைப் பிரித்து முறுக்கை அவிழ்த்தால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழையாகப் பிரியும், அதுதான் பாலிப்ரொப்பிலீன், சீப்பால் நாலு தடவை சீவினால் சிறகுக்குத் தயார். நீலநிறக் கொடிக்கயிறும் மிதக்கும், ஆனால் இழை முரடு, சின்ன முள்ளில் கட்டினால் ஈ மாதிரி இராது, முள்ளம்பன்றி மாதிரி இருக்கும். அது விரால் தவளைக்குக் கால் வைக்கச் சரி.

இருபத்தைந்து கிலோ அரிசிச் சாக்கின் ஓரத்தைப் பிரித்தால் வரும் தட்டையான வெள்ளை இழையையும் எடுத்து வையுங்கள். தண்ணீருக்கடியில் வாழும் பூச்சிப்புழு மாதிரி ஃபிளை கட்டும்போது முதுகு ஓட்டுக்கு அதை மடித்துப் போட்டு, மேலே மெல்லிய ஜரிகையால் சுற்றினால் வளையம் வளையமாக வரும். மார்க்கரால் பழுப்பு அடித்துக்கொள்ளுங்கள். உடம்புப் பஞ்சுக்கு மேலே சொன்ன அக்ரிலிக்கே போதும். மினுமினுப்பு வேண்டுமென்றால் கார்ப்பெட் கடையில் மாதிரித் துண்டு கேளுங்கள். 1980-களின் தொடக்கத்தில் கேரி லாஃபான்டைன் என்ற அமெரிக்கர் டிரவுட் ஃபிளையில் பரவலாக்கிய ஆன்ட்ரான் நார் கார்ப்பெட்டுக்காக வந்த நைலான்தான். குறுக்குவெட்டில் முக்கோணம் மாதிரி இருப்பதால் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். எல்லாக் கார்ப்பெட்டும் அப்படி இருக்காது, வெயிலில் பிடித்துப் பார்த்துப் பளிச்சென்று தெறித்தால் எடுங்கள். சின்ன முள்ளுக்குத் தையல் நூல் தடிமன், அதற்கு மட்டும் நல்ல மெல்லிய கட்டுநூல் ஒரு கண்டு காசு கொடுத்து வாங்கிவிடுங்கள்.

காசு மிச்சம் பிடிக்கக் கூடாத இன்னொரு இடம் முள். மலிவு முள்ளில் ஒரு கொடுவா நிமிர்த்திவிட்டுப் போன கதை என்னிடம் இரண்டு இருக்கிறது. நாரில் மிச்சம் பிடித்த பணத்தை அங்கே போடுங்கள்.

வெட்டிய துணுக்குகளை ஊதித் தள்ளாமல் மேசையில் ஈரத்துணி விரித்து அதில் விழவிட்டு, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வையுங்கள். ஆறு மாதத்தில் நிறையும். நீளமானவற்றைப் பொறுக்கி எடுத்தால் பல கலர் தானாகவே கலந்த ஒரு பழுப்புப் பச்சைப் பஞ்சு கிடைக்கும், கடையில் எந்த விலைக்கும் கிடைக்காத கலர், பழவேற்காட்டில் கிழங்கான் அதைத்தான் விரும்பிக் கடிக்கிறது.